கோடையில் கோழிக்குஞ்சு வளர்ப்பு: முதல் ஆறு வாரங்களுக்கான வழிகாட்டி

முதல் முறை நான் வாங்கிய 60 குஞ்சுகளில் 14 குஞ்சுகள், ஐந்தாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே இறந்துபோயின. முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி வெப்பம் வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோதும் பெட்டிக்குள் பல்பை எரியவிட்டிருந்தேன். வெப்பமானி சுவரில் என் தலை உயரத்தில் தொங்கியது. குஞ்சுகள் சத்தமே இல்லாமல் சிறகுகளை விரித்துப் படுத்திருந்ததைப் பார்த்து, வயிறு நிறைந்து உறங்குகின்றன என்று எண்ணிக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அந்த அமைதி உறக்கத்தால் வந்தது அன்று என்பது மாலையில்தான் எனக்குத் தெரிந்தது.

கோடையில் குஞ்சு வளர்ப்பவர் ஒரே நாளில் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது: விடியற்காலையில் குஞ்சுக்கு வெப்பம் கொடுக்க வேண்டும், பிற்பகலில் அதே குஞ்சை வெப்பத்திலிருந்து காக்க வேண்டும். பிறந்து முதல் பத்துப் பதினான்கு நாட்கள் வரை குஞ்சுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் திறன் முழுமையாக வருவதில்லை. கோழியினத்துக்கு வியர்வைச் சுரப்பிகளும் கிடையா. மிகுதியான வெப்பத்தை வாய் திறந்து இரைத்து, மூச்சோடு நீரை ஆவியாக்கித்தான் அது வெளியேற்றும். எனவே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு இடம் முழுவதையும் அந்த வெப்பத்தில் வைப்பதைவிட, வெதுவெதுப்பான ஒரு பக்கமும் குளிர்ச்சியான ஒரு பக்கமும் அமைத்து, எங்கே நிற்பது என்பதைக் குஞ்சின் விருப்பத்துக்கு விட்டுவிடுவதே பாதுகாப்பானது. கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த ஏற்பாட்டைச் சுற்றியே அமைந்தவை. இருபத்தைந்து முதல் இருநூறு குஞ்சுகள் வரை வீட்டோடு வளர்க்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். குளிரூட்டப்பட்ட பெரிய பண்ணைகளின் முறை வேறு.

1. வெற்று இடத்தை ஒரு முழு நாள் அளந்து பாருங்கள்

குஞ்சுகளுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். குஞ்சுகளை வைக்கப்போகும் இடத்தில், தரையிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது குஞ்சின் முதுகு இருக்கும் உயரத்தில், ஒரு வெப்பமானியை வையுங்கள். பல்பு எதையும் போடாமல், விடியற்காலை ஐந்து மணிக்கும், பிற்பகல் மூன்று மணிக்கும், இரவு பத்து மணிக்கும் அது காட்டும் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் கடுமையாக உள்ள ஒரு நாளில் இதைச் செய்தால்தான் பயன் உண்டு. மேகம் மூடிய நாளில் அளந்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம்.

பிற்பகல் அளவு 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், குஞ்சு வருவதற்கு முன் கூரையைக் கவனிக்க வேண்டும். கோடை வெப்பத்தில் பெரும்பகுதி சுவர் வழியாக வருவதில்லை. தகரக் கூரையும் சிமென்ட் அட்டைக் கூரையும் சூடேறி, அந்தச் சூட்டை நேராகக் கீழே இறக்குகின்றன. கூரையின் வெளிப்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, மேலே ஓலை அல்லது வைக்கோல் பரப்புவது, நனைத்த சாக்குகளை விரித்து அவ்வப்போது நீர் தெளிப்பது ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைச் செய்துவிட்டு மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள். அளவு இறங்கவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். மாடி அறையைவிடத் தரைத்தள அறையும், மேற்குச் சுவரை ஒட்டிய மூலையைவிடக் கிழக்கு அல்லது வடக்குப் பக்கமும் பிற்பகலில் குளிர்ச்சியாக இருக்கும்.

வெப்பமானியை நம்புவதோடு நிறுத்தாமல், பிற்பகல் மூன்று மணிக்கு நீங்களும் அந்தத் தரையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முகத்தைத் தாழ்த்தி மூச்சு விட்டுப் பாருங்கள். காற்று அசையாமல் தேங்கியிருப்பது வெப்பமானியில் தெரியாது.

2. எப்போது வாங்குவது, எந்தத் தாள்களைக் கேட்டுப் பெறுவது

கோழி முட்டை பொரிய 21 நாட்கள் ஆகும் என்பதால், பொரிப்பகங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே பதிவு வாங்குகின்றன. வெயில் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் குஞ்சுகளின் முதல் இரண்டு வாரங்கள் வந்து விழாதபடி பின்னோக்கிக் கணக்கிட்டுப் பதிவு செய்யுங்கள். வேறு வழியில்லை என்றால் எண்ணிக்கையையாவது குறைத்துக்கொள்ளுங்கள். முதல் தொகுதியே நூறு குஞ்சுகளாக இருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

குஞ்சுகளைப் பெறும்போது நான்கு விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: குஞ்சு பொரிந்த தேதியும் நேரமும், இனத்தின் பெயர், மாரெக் நோய்க்கு (கோழிகளை முடக்கும் வைரஸ் நோய்) தடுப்பூசி போடப்பட்டதா என்பது, முதல் மூன்று நாட்களில் குஞ்சுகள் இறந்தால் ஈடு உண்டா என்பது. இவற்றில் பொரிந்த நேரம்தான் மிகவும் முக்கியமானது. பெரும்பாலோர் அதைக் கேட்பதே இல்லை. பொரிந்த குஞ்சின் வயிற்றுக்குள் உறிஞ்சப்பட்டிருக்கும் மஞ்சள் கரு, ஏறத்தாழ 48 மணி முதல் 72 மணி நேரம் வரை அதைத் தாங்கும். இந்த எண்ணிக்கையைச் சொல்லித்தான் நெடுந்தொலைவு அனுப்புகிறார்கள். ஆனால் மூச்சிரைக்கும் குஞ்சு உடல் நீரை வேகமாக இழப்பதால், வெயிலில் அந்தக் கணக்கு சுருங்கிவிடும். எனக்கு இரண்டாம் முறை வந்த பெட்டியில், காலையில் பொரிந்தவை என்று சொல்லப்பட்ட குஞ்சுகளின் கால்கள் ஏற்கெனவே வறண்டு சுருங்கியிருந்தன. பொரிந்த நேரம் ரசீதில் இல்லாததால் என்னால் எதையும் கேட்க முடியவில்லை.

தீவன மூட்டையின் மேலுள்ள அட்டையையும் கிழித்து எறியாமல் வைத்திருங்கள். தயாரிப்புத் தேதியும், இரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து கலந்ததா என்ற குறிப்பும் அதில்தான் இருக்கும். பின்னால் கால்நடை மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது இதைத்தான். இத்தாள்களோடு ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். நாள், மூன்று வேளை வெப்பம், குடித்த தண்ணீரின் அளவு, இறப்பு ஆகிய நான்கையும் நாள்தோறும் எழுதி வாருங்கள்.

3. செலவு எங்கே போகும்

கோழி வளர்ப்பில் மொத்தச் செலவின் பெரும்பங்கு தீவனத்துக்கே போகிறது. முட்டையினக் குஞ்சு ஒன்று முதல் நான்கு வாரங்களில் சுமார் 600 கிராம் தீவனம் உண்ணும். இறைச்சியினக் குஞ்சு இதைப்போல் பல மடங்கு உண்ணும். மலிவாகக் கிடைக்கிறது என்று கோடையில் மூன்று மாதத் தீவனத்தை வாங்கி அடுக்கினால், வெப்பத்தில் வைட்டமின்கள் வீரியம் இழக்கும்; ஈரம் பட்ட மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். மூன்று நான்கு வாரத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள்.

கோடைக்கென்று தனியாகச் செய்ய வேண்டிய செலவு குறைவுதான்: இரண்டு வெப்பமானிகள், ஓர் ஈரப்பதமானி, கூடுதலாக இரண்டு தண்ணீர்க் குடுவைகள், சில சாக்குகள், மின்பகுளத் தூள் (எலக்ட்ரோலைட், நீரில் கலக்கும் தாது உப்புத் தூள்) ஒரு பொட்டலம். இவற்றில் சிக்கனம் பார்த்துவிட்டு விலையுயர்ந்த இனக்குஞ்சுகளை வாங்குவது என் அனுபவத்தில் தலைகீழான கணக்கு.

4. புரூடரை இரண்டு பக்கமாக அமைத்தல்

புரூடர் என்பது குஞ்சுகளை வெதுவெதுப்பாக வைத்து வளர்க்கும் தடுப்பு. ஐம்பது குஞ்சுகளுக்குக் கோடையில் இரண்டு மீட்டர் விட்டமுள்ள வட்டத் தடுப்பு வேண்டும். குளிர்காலத்தில் இதைவிடச் சிறிய வட்டத்திலேயே வளர்த்துவிடலாம். வெயிலில் குஞ்சுகளுக்கு ஒன்றையொன்று ஒட்டாமல் படுக்க இடம் தேவைப்படுகிறது. தடுப்பு வட்டமாக இருக்கட்டும். சதுரப் பெட்டியில் ஏதாவது அதிர்ச்சியில் குஞ்சுகள் மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சுத் திணறி இறக்கும். தடுப்பின் உயரம் ஓர் அடி போதும். காற்றோட்டத்துக்காகக் கம்பி வலையைப் பயன்படுத்துவதானால், இரவில் காற்று அடிக்கும் பக்கத்தில் மட்டும் அட்டையைச் சாய்த்து வையுங்கள். ஆழமான அட்டைப் பெட்டிகளை முழுவதுமாகத் தவிர்க்கலாம். அவற்றின் அடியில் காற்றே நகராது.

வெப்பம் தரும் பல்பை வட்டத்தின் நடுவில் தொங்கவிடுவது வழக்கம். கோடையில் அதை ஓர் ஓரத்துக்கு நகர்த்திவிடுங்கள். அப்போதுதான் எதிர் ஓரம் உண்மையிலேயே குளிர்ச்சியாக இருக்கும். பல்பைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டால் உயர்த்தவும் தாழ்த்தவும் எளிது. தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கீழே இறக்க வேண்டாம், தரையில் பரப்பும் கூளம் (உமி அல்லது மரச்சீவல்) தீப்பற்றும் ஆபத்து உண்டு. மின்வயரிலேயே பல்பைத் தொங்கவிடுவதையும் தவிருங்கள்.

இங்கே புதியவர்கள் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. வெளிச்சமும் வெப்பமும் குஞ்சுகளுக்கு வேறு வேறு தேவைகள். முதல் சில நாட்கள் தண்ணீரையும் தீவனத்தையும் கண்டுகொள்ள அவற்றுக்கு இரவிலும் வெளிச்சம் வேண்டும். அதற்காகச் சூடு தரும் குண்டு பல்பையே எரியவிட்டால், வெப்பம் வேண்டாத நேரத்திலும் வெப்பம் சேர்ந்துகொண்டே போகும். வெளிச்சத்துக்கு ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கும், வெப்பத்துக்குத் தனியே ஒரு பல்பும் வைத்து, இரண்டுக்கும் தனித்தனி சுவிட்சு போட்டுவிடுங்கள். எல்.இ.டி. விளக்கு குஞ்சுக்குச் சூடு தராது என்பதும் நினைவில் இருக்கட்டும். குளிர்ந்த இரவில் அதை மட்டும் போட்டுவிட்டு உறங்கப் போனவர்கள் இருக்கிறார்கள்.

தரையில் உமியோ மரச்சீவலோ ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் போதும். வழவழப்பான செய்தித்தாளின் மேல் மட்டுமே குஞ்சுகளை நாள்கணக்கில் நிற்க வைத்தால் கால்கள் விலகி ஊனமாகும்.

5. பயணமும் முதல் சில மணி நேரமும்

விடியற்காலையிலோ இரவிலோ குஞ்சுகளைக் கொண்டுவாருங்கள். நூறு குஞ்சு கொள்ளும் பெட்டியில் கோடையில் எண்பது மட்டுமே வைக்கச் சொல்லுங்கள். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது இடையில் காற்று போக ஒரு சிறு இடைவெளி இருக்க வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் பத்து நிமிடம்தான் இப்பயணத்தின் மிக ஆபத்தான பகுதி. ஓடும் வண்டியில் காற்று இருக்கும், நின்ற வண்டியில் இருக்காது.

வந்து சேர்ந்ததும் குஞ்சுகளை எண்ணிக்கொண்டே, ஒவ்வொன்றின் அலகு நுனியையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுவிட்டு விடுங்கள். மூக்குத் துளைகள் மூழ்கக் கூடாது. ஓரிரண்டு மணி நேரம் தண்ணீர் மட்டும் கொடுத்துவிட்டு, பிறகு தீவனத்தைத் தாளின் மேல் தூவுங்கள். அன்று இரவு படுக்கப் போகும் முன் பத்துக் குஞ்சுகளைப் பிடித்துக் கழுத்தடியிலுள்ள இரைப்பையை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். அது நிறைந்தும் மென்மையாகவும் இருந்தால் குஞ்சு உண்டும் குடித்தும் இருக்கிறது. கெட்டியாக இருந்தால் தீவனம் கிடைத்திருக்கிறது, தண்ணீர் கிடைக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ எல்லாக் குஞ்சுகளின் இரைப்பையும் நிறைந்திருக்க வேண்டும்.

6. தண்ணீர்

மற்ற எல்லாவற்றிலும் சிறு தவறு செய்தாலும் தண்ணீரில் செய்யாதீர்கள். மிதமான வெப்பத்தில் கோழி தான் உண்ணும் தீவனத்தின் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீர் குடிக்கும்; கடும் வெயிலில் அது மூன்று, நான்கு மடங்குக்கும் மேல் போகும். அதைவிட முக்கியமானது தண்ணீரின் சூடு. நீர் சூடேற ஏற, எவ்வளவு தாகம் இருந்தாலும் குஞ்சு குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். குடுவை நிறைந்திருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறோம். பிற்பகலில் அதற்குள் விரலை விட்டுப் பார்ப்பதில்லை.

மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீர் நண்பகலில் கையைச் சுடும். ஆகவே குழாயைத் திறந்ததும் வரும் நீரைப் பிடிக்காமல், சூடான நீர் முழுவதும் வெளியேறும்வரை வேறு பயனுக்குப் பிடித்துவிட்டு அதன்பின் குடுவையை நிரப்புங்கள். இன்னும் எளிய வழி, விடியற்காலையிலேயே ஒரு பானையில் நீர் பிடித்து நிழலில் வைத்துக்கொள்வது. குடுவைகளைப் பல்பின் அருகில் வைக்க வேண்டாம். அவை குளிர்ந்த பக்கத்திலும் நடுவிலுமாகப் பரவியிருக்கட்டும். காலை, நண்பகல், பிற்பகல் மூன்று மணி, மாலை என நான்கு முறை நீரை மாற்றுங்கள். ஒவ்வொரு நாளும் குடுவையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவாவிட்டால், விரலுக்கு வழுவழுப்பாகத் தெரியும் ஒரு படலம் படியும். வெயிலில் அது ஒரே நாளில் சேர்ந்துவிடும்.

ஐம்பது குஞ்சுகளுக்கு ஒரு பெரிய குடுவையைவிட மூன்று சிறியவை நல்லது. வெயிலில் தளர்ந்த குஞ்சு நான்கடி நடந்து போய் நீர் குடிக்காது. முதல் வாரம் தட்டின் விளிம்பில் கழுவிய கூழாங்கற்களைப் பரப்பி வைத்தால் குஞ்சுகள் நனையாமலும் மூழ்காமலும் இருக்கும். அவை வளர வளர, குடுவையின் விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்துக்கு வரும்படி அடியில் பலகை வைத்து உயர்த்துங்கள்; கூளம் விழுவதும் நீர் சிந்துவதும் குறையும்.

வெயில் நாட்களில் மின்பகுளத் தூளைப் பொட்டலத்தில் குறித்த அளவில் கலந்து, பகலில் சில மணி நேரம் மட்டும் கொடுங்கள். மற்ற நேரங்களில் வெறும் தண்ணீர் இருக்க வேண்டும். உப்பைக் கண்ணளவில் அள்ளிப் போட்டுத் தயாரிப்பது ஆபத்து, ஏனெனில் மிகையான உப்பைச் சிறு குஞ்சுகளால் தாங்க முடியாது. சர்க்கரை நீரைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். நெடும் பயணத்தால் சோர்ந்த குஞ்சுகளுக்கு முதல் சில மணி நேரம் கொடுப்பதில் தவறில்லை. நாள்கணக்கில் தொடர்ந்தால் நீர் புளித்து, எச்சம் இளகி, எறும்புகளும் வந்து சேரும். தளர்ந்து படுத்திருக்கும் குஞ்சை எறும்புகள் உயிரோடு கடித்துக் கொன்றுவிடும் என்பதை நான் கண்டுதான் தெரிந்துகொண்டேன்.

7. தீவனம்

உண்ட தீவனம் செரிக்கும்போது உடலுக்குள் வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பம் உண்டு சில மணி நேரம் கழித்து உச்சத்தை அடைவதால், காலை பத்து மணிக்கு வயிறார உண்ட கோழிக்குப் பிற்பகலில் உள்ளும் புறமும் சுடும். மூன்று வாரம் கடந்த குஞ்சுகளுக்குக் கடும் வெயில் நாட்களில் காலை பத்தரை மணிக்குத் தீவனத் தட்டுகளை எடுத்துவிட்டு, மாலை நான்கு மணிக்குமேல் வெயில் தணிந்தபின் திரும்ப வைக்கலாம். எல்லாத் தட்டுகளையும் ஒரே நேரத்தில் பரவலாக வையுங்கள். ஒரு தட்டை மட்டும் வைத்தால் நெருக்கியடித்து மிதிபடும். இரவு எல்.இ.டி. வெளிச்சத்தில் கூடுதலாக ஓரிரு மணி நேரம் உண்ணவிட்டால், பகலில் குறைந்தது ஈடாகிவிடும்.

மூன்று வாரத்துக்குட்பட்ட குஞ்சுகளுக்கு இந்த முறை கூடாது. அவற்றின் முன் எந்நேரமும் தீவனம் இருக்க வேண்டும்.

8. பகலிலும் இரவிலும் வெப்பத்தைக் கையாளுதல்

வழக்கமாகச் சொல்லப்படும் அளவு இதுதான்: முதல் வாரம் பல்பின் அடியில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், அதன்பின் வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைவு. இந்த எண்கள் பல்பின் அடியிலுள்ள இடத்துக்கு உரியவை, அறை முழுவதற்கும் அல்ல. கோடையில் முதல் வாரத்திலேயே காலை ஒன்பது மணிக்குமேல் அறையின் இயல்பு வெப்பம் இந்த அளவை எட்டிவிடக்கூடும். எட்டியதும் பல்பை அணையுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து பகலில் பல்பு தேவையே படாமல் போகலாம்.

எண்ணைவிட நம்பகமானது குஞ்சுகள் படுத்திருக்கும் விதம். பல்பின் அடியில் நெருக்கியடித்துக் கீச்சுக் கீச்சென்று உரக்கக் கத்தினால் அவற்றுக்குக் குளிர்கிறது. வட்டத்தின் விளிம்போரம் ஒதுங்கி, சிறகுகளை உடலிலிருந்து விலக்கி, வாய் திறந்து, சத்தமில்லாமல் இருந்தால் சூடு மிகுந்துவிட்டது. ஒரே ஒரு பக்கத்தில் ஒதுங்கினால் எதிர்ப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாக இருந்து, சில உண்டு, சில குடித்து, சில உறங்கிக்கொண்டிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். குளிரும் குஞ்சு கத்தி நம்மை எழுப்பிவிடும், வெந்துபோகும் குஞ்சு கூப்பிடாது. ஆகையால் பிற்பகல் ஒரு மணி முதல் ஐந்து மணி வரை மணிக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருக்க முடியாது என்றால் கோடையில் குஞ்சு வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள் என்பதே என் கருத்து.

இரவைப் பற்றிய எச்சரிக்கையும் இதே அளவு முக்கியம். பகலில் பல்பே வேண்டியிருக்கவில்லை என்ற தைரியத்தில் இரவிலும் அணைத்துவிட்டுப் படுத்தால், விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு வெப்பம் இறங்கும்போது குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிசலில் இறக்கும். முதல் படியில் நீங்கள் குறித்து வைத்த ஐந்து மணி அளவு இங்கேதான் உதவும். அது அந்த வாரத்துக்குரிய அளவைவிடக் குறைவாக இருந்தால் இரவில் பல்பு எரிய வேண்டும். மின்தடை வந்தால் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றிக் கூளத்தின் மேல் வைப்பது தற்காலிகமாகக் கைகொடுக்கும்.

காற்றோட்டத்துக்காக இரவில் சன்னல்களைத் திறந்து வைப்பவர்கள், அரை அங்குலத்துக்கு மேல் கண்ணில்லாத வலையை முதலில் அடித்துவிடுங்கள். எலியும் பாம்பும் பூனையும் திறந்த சன்னலுக்காகக் காத்திருக்கும்.

அடைக்கோழியோடு குஞ்சுகள் இருந்தால் இந்தப் படியில் சொன்ன எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. நிழலும் நீரும் கொடுங்கள், மற்றதைத் தாய் பார்த்துக்கொள்ளும்.

9. மின்விசிறி, நீர்த்தெளிப்பு, கூளம்

வெயில் என்றதும் மின்விசிறியைக் குஞ்சுகளின் மேல் திருப்பிவிடுவது பரவலான தவறு. முதல் இரண்டு வாரங்கள் குஞ்சுகளின் மேல் காற்று நேராக அடிக்கக் கூடாது. இறகு முளைக்காமல் மென்மையான தூவி மட்டுமே உள்ள உடலை அது மிக விரைவில் குளிரச் செய்துவிடும். விசிறியைச் சுவரை நோக்கியோ, அறையின் சூடான காற்றை வெளியே தள்ளும்படியோ வையுங்கள். இறகு வளர்ந்த பின், நான்காம் வாரம் முதல், மெல்லிய நேர்க்காற்று நல்லது செய்யும். ஆனால் அறையின் காற்றே ஏறத்தாழ 41 டிகிரி எனும் கோழியின் உடல் வெப்பத்தை நெருங்கிவிட்டால் வெறும் விசிறி சூடான காற்றைத்தான் வீசும்.

நனைத்த சாக்குத் திரைகளும் நீர்த்தெளிப்பும் வறண்ட காற்றில் அருமையாக வேலை செய்யும். ஈரப்பதம் ஏற்கெனவே 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அவற்றை நிறுத்திவிடுங்கள். காற்றில் ஈரம் கூடினால் குஞ்சின் மூச்சு வழியே நீர் ஆவியாவது தடைப்படும், அதுவோ அதனிடம் உள்ள முக்கியமான குளிர்விப்பு வழி. ஈரப்பதமானி வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

தெளித்த நீர் கூளத்தில் விழுந்தால் வேறொரு தொல்லை தொடங்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த கூளத்தில் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஓரிரு நாட்களிலேயே தொற்றும் நிலைக்கு முதிர்ந்துவிடும். மூன்றாம் வாரத்துக்குப்பின் எச்சத்தில் இரத்தம் தெரிந்தாலோ, குஞ்சுகள் இறகு சிலிர்த்து ஒடுங்கி நின்றாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். நனைந்த கூளத்தை அள்ளிவிட்டு உலர்ந்ததைப் போடுங்கள். குனியும்போது கண் எரியும் அளவுக்கு அம்மோனியா நெடி வந்தால், குஞ்சுகள் அதை நாள் முழுவதும் சுவாசித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

10. வெப்பம் தாக்கிய குஞ்சுக்கு உடனடியாகச் செய்ய வேண்டியவை

முதலில் குஞ்சை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் கால்களைத் துடையுங்கள். கால்களில் தூவி இல்லாததால் வெப்பம் அதன் வழியே வெளியேறும். பனிக்கட்டி நீரில் முக்குவது, உடல் முழுவதையும் நனைப்பது இரண்டும் வேண்டாம். அதிர்ச்சியில் இறக்கும், அல்லது நனைந்த தூவியோடு சற்று நேரத்தில் குளிரில் நடுங்கும். அலகு நுனியில் மின்பகுள நீரைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டு வையுங்கள், தானாக விழுங்கட்டும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக் குழாய்க்குள் போகும். இரைப்பு அடங்கியபின் மற்றவற்றோடு சேர்க்கலாம்.

அடுத்த இரண்டு நாட்கள் இந்தக் குஞ்சுகளின் பின்புறத்தைப் பாருங்கள். வெப்பத்தாலும் நீரிழப்பாலும் தளர்ந்த குஞ்சுகளின் மலவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். கவனிக்காவிட்டால் குஞ்சு இறந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து மெல்லத் துடைத்து, உலர்த்திவிடுங்கள். காய்ந்ததைப் பிடித்து இழுக்காதீர்கள். வயிற்றுப் பக்கம் உள்ள தொப்புள் தழும்பையும் அடைப்பு என்று நினைத்துப் பிய்ப்பவர்கள் உண்டு. மலவாய் அதற்குப் பின்னால், வாலுக்குக் கீழே உள்ளது.

11. தடுப்பூசி நாள்

முதல் வாரத்தில் வெள்ளைக் கழிச்சலுக்கும் (ராணிக்கெட் நோய்), இரண்டாம் வாரத்தையொட்டிக் கம்போரோ நோய்க்கும் (குஞ்சின் நோய் எதிர்ப்புத் திறனைத் தாக்கும் வைரஸ் நோய்) மருந்து தருவது பரவலான முறை. சரியான நாட்களை உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதால், பனிக்கட்டி போட்ட குடுவை இல்லாமல் வாங்கப் போகாதீர்கள். சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்த மருந்து வெயிலில் செத்துவிடும். போட்டும் பயனில்லை, போட்டதாக நம்பிக்கொண்டிருப்பதால் கேடு இன்னும் அதிகம். கலக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மீதியைக் கொட்டிவிடுங்கள். குஞ்சுகளைப் பிடித்துக் கையாளும் வேலையை விடியலிலோ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள். அன்று குஞ்சுகள் இரைத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லி ஓரிரு நாள் தள்ளிப்போடலாம். நீரில் கலந்து கொடுக்கும் மருந்தானால், குளோரின் கலந்த குழாய் நீரைப் பயன்படுத்தக் கூடாது.

12. வெளியே விடும் நேரம்

ஐந்து முதல் ஆறு வாரத்தில் குஞ்சுகளுக்கு இறகு ஏறத்தாழ முழுமையாக வந்துவிடும். நான்காம் வாரம் தொடங்கி, இரவில் பல்பு இல்லாமலேயே குஞ்சுகள் பரவலாகப் படுத்து உறங்குகின்றனவா என்று மூன்று இரவுகள் கவனித்துவிட்டு, பல்பைக் கழற்றிவிடலாம். வெளியே விடுவதை மாலை நான்கரை மணியிலிருந்து தொடங்குங்கள். முதல் நாள் அரை மணி நேரம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம். காலையில் திறந்துவிட்டால், பழக்கமில்லாத குஞ்சுகளுக்கு வெயில் ஏறும் நேரத்தில் நிழலுக்குத் திரும்பும் வழி தெரியாமல் வேலியோரம் நின்றுவிடும். திறக்கும் முன் வெளியிலும், அவை போகக்கூடிய தொலைவான மூலையிலும், நிழலில் ஒரு தண்ணீர்க் குடுவையை வைத்துவிடுங்கள்.